ஸ்டோன்ஹெஞ்ச் தச்சர்கள் பார்த்த வேலையா? விளையாட்டாக ஒரு கோட்பாடு, முடிந்தால் உடைத்துக் காட்டுங்கள்

உளிச்சத்தம்:

இங்கிலாந்தில் நிற்கும் பழங்காலக் கல் வட்டமான ஸ்டோன்ஹெஞ்சைப் பார்த்தவர்கள் எல்லாரும் அவரவர் தொழிலைத்தான் அதில் பார்த்திருக்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டுக் கதைசொல்லி மான்மவுத் ஜெஃப்ரிக்கு அது மெர்லின் அயர்லாந்திலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்த ராட்சதர் வட்டம். 17ஆம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர் இனிகோ ஜோன்ஸுக்கு ரோமானியக் கோயில். பாதிரியாரான வில்லியம் ஸ்டூக்லிக்கு துரூயிட் என்ற பழங்கால கெல்டிக் பூசாரிகளின் ஆலயம். 1960களில் கணினி புதிதாக வந்திருந்த நேரம், வானியலாளர் ஜெரால்டு ஹாக்கின்ஸுக்கு அது கிரகணம் கணிக்கும் கணினி. தச்சர்களை மட்டும் யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

என் கோட்பாடு இதுதான். அங்கே ஒரு தலைவர் பெரிய மர மண்டபம் கேட்கிறார். தச்சர்கள் வந்தாச்சு, கூலி பேசியாச்சு, அளவும் எடுத்தாச்சு. அப்புறம் பார்த்தால் காட்டில் மரம் இல்லை. "மரம் வராது, கல்தான் வரும், பேசின வேலையை முடிச்சுக் கொடுங்க" என்கிறார் தலைவர். தச்சர்களுக்குக் கல் வேலை தெரியாது. அதனால் மரத்துக்கு என்ன செய்வார்களோ அதையே கல்லுக்கும் செய்துவிட்டுப் போய்விட்டார்கள்.

சாட்சி இல்லாமல் சொல்லவில்லை. நிற்கும் கல்லின் தலையில் குமிழ், மேலே படுக்கும் கல்லின் அடியில் அதற்கேற்ற குழி. இது கதவு நிலைக்கும் கட்டிலுக்கும் போடும் மூட்டு. வெளிவட்டத்தின் மேற்கற்கள் ஒன்றோடொன்று சேரும் முனையில் நாக்கும் காடியும் வேறு, பலகை சேர்ப்பதுபோல. போதாததற்கு 3 கிலோமீட்டர் தூரத்தில் உட்ஹெஞ்ச் என்று மரத்தூண் வட்டமே இருந்திருக்கிறது.

விவரம் தெரிந்தவர்களிடம் கேட்பது: இந்த மூட்டு அங்கே உண்மையிலேயே தேவையா, இல்லை பழக்கதோஷமா? இரும்பே இல்லாத காலத்தில் கல்லில் குமிழ் எடுத்தது எப்படி? என் கோட்பாட்டின் கழுத்தை நெரிக்கும் ஆதாரம் ஏதாவது உண்டா?

சுண்ணாம்புமேடு:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். "மரம் தீர்ந்துபோச்சு" என்ற பகுதி நிற்காது. மற்றது ஓரளவு நிற்கும்.

காலவரிசையைப் பாருங்கள். கி.மு. 3000 வாக்கில் அங்கே இருந்தது சுமார் 110 மீட்டர் விட்டத்தில் ஒரு வட்ட அகழியும் கரையும்தான். மான்கொம்பைப் பிக்காசாக வைத்துச் சுண்ணப்பாறையைத் தோண்டியிருக்கிறார்கள். உள்ளே 56 குழிகள், எரியூட்டப்பட்டவர்களின் எலும்புகள். பெரிய சார்சன் கற்கள் (ஒருவகைக் கெட்டியான மணற்கல்) வந்தது கி.மு. 2500 வாக்கில். அதே காலத்தில்தான் பக்கத்து டரிங்டன் வால்ஸில் மக்கள் குடியிருந்தார்கள், அங்கே மரத்தூண் வட்டமும் எழுந்தது. அதில் சில தூண்கள் ஒரு மீட்டர் அளவு விட்டம். 1925இல் இன்சால் என்ற விமானி வானிலிருந்து கண்டுபிடித்த உட்ஹெஞ்சில் 6 வளையங்களாக 168 தூண் குழிகள். ஆக, கல் நடப்பட்ட அதே தலைமுறைகளில் மரமும் தாராளமாக நடப்பட்டிருக்கிறது. கல்லை இழுக்கும் சறுக்கு வண்டிக்கும், ஏற்றும் சாரத்துக்கும் வேண்டிய மரத்தைக் கணக்கில் எடுத்தால், காடு காலியான ஊரில் ஸ்டோன்ஹெஞ்சைக் கட்டவே முடியாது.

அதற்குப் பதிலாக வேறு காரணம் வேண்டுமென்றால் தொல்லியலாளர் மைக் பார்க்கர் பியர்சனும், மடகாஸ்கரைச் சேர்ந்த ரமிலிசோனினாவும் 1998இல் முன்வைத்ததை எடுத்துக்கொள்ளலாம்: மரம் உயிரோடு இருப்பவர்களுக்கு, கல் மூதாதையருக்கு. இதை எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை. ஆனால் டரிங்டன் பக்கம் பன்றி எலும்பும் விருந்துக் குப்பையும் குவிந்திருக்க, கல் வட்டத்தில் சாம்பலான எலும்புகள் கிடைப்பதை அது நன்றாகவே விளக்குகிறது.

உங்கள் கோட்பாட்டுக்கு வலு சேர்க்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேல்ஸிலிருந்து வந்த நீலக்கற்களில், 36, 150 என்ற எண்ணுள்ள இரண்டு கற்கள் ஒரு காலத்தில் மேற்கற்களாக இருந்தவை. குழிகள் இன்னும் இருக்கின்றன. 66ஆம் கல்லில் நாக்கு, 68ஆம் கல்லில் காடி. இவையெல்லாம் பெரும்பாலும் 2, 3 டன் எடையுள்ள சின்னக் கற்கள். பிற்பாடு கழற்றப்பட்டு வேறு இடத்தில் சாதாரணத் தூண்களாக நடப்பட்டிருக்கின்றன. அதாவது மர மூட்டைக் கல்லில் போடுவது ஒரு தடவை நடந்த கைப்பிசகு இல்லை. திரும்பத் திரும்பச் செய்த வேலை.

வெட்டிஆபீசர்:

எல்லாரும் சும்மா மண்டையைக் குடைஞ்சுக்கறீங்க. அது ஆட்டுப்பட்டி. வேலை முடிஞ்சது.

நெம்புகோல்:

@வெட்டிஆபீசர் 30 வாசல் உள்ள பட்டியா? மேற்கல் ஒவ்வொன்றும் சராசரி 3.2 மீட்டர், மொத்தம் 30, ஆக சுற்றளவு 96 மீட்டர். தூணின் அகலம் சுமார் 2.1 மீட்டர். மிச்சம் 1.1 மீட்டர் இடைவெளி, அதுவும் முப்பது இடத்தில். ஆடு மட்டுமில்லை, மாடே போய்விடும்.

இப்போது மூட்டு தேவையா என்ற கேள்விக்கு வருகிறேன். கணக்குப் போட்டால் தேவையே இல்லை.

மேற்கல் 3.2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 0.8 மீட்டர் கனம். 2.56 கன மீட்டர், கன மீட்டருக்கு இரண்டரை டன் வைத்தால் 6.4 டன். கல் மேல் கல் உராய்வுக் கெழுவை 0.6 என்று எடுத்தால், அதை நகர்த்த கிட்டத்தட்ட 3.8 டன் பக்கவாட்டுத் தள்ளல் வேண்டும். மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் புயல் அடித்தாலும் அந்தக் கல்லின் பக்க முகத்தில் விழும் அழுத்தம் 300, 350 கிலோவைத் தாண்டாது. பத்து மடங்குக்கு மேல் பாதுகாப்பு, குமிழ் இல்லாமலேயே. சாய்ந்தால் வழுக்காதா என்றால், 0.6 உராய்வுக்கு 31 டிகிரி சாயணும். அதற்குள் தூணே விழுந்திருக்கும்.

மரத்தில் கதை வேறு. மரச்சட்டம் இலேசு, காற்று தூக்கும், வெயிலிலும் மழையிலும் சுருங்கி முறுக்கும். மூட்டு இல்லையென்றால் ஒரே பருவத்தில் அவிழ்ந்துவிடும். ஆக, மரத்துக்கு உயிர்நாடியான ஒன்றைக் கல்லுக்கும் விடாமல் செய்திருக்கிறார்கள் என்ற அளவில் உங்கள் பழக்கதோஷக் கட்சிக்கு என் ஓட்டு.

ஆனால் உண்மையில் விழுந்த கற்களைப் பாருங்கள். மூட்டு விட்டு விழுந்தது எதுவும் இல்லை, எல்லாம் கடைக்கால் விட்டு விழுந்தவை. நடுவில் இருக்கும் மிகப் பெரிய முக்கல் அமைப்பில் (இரண்டு தூண், மேலே ஒரு மேற்கல்) 56ஆம் கல் 9 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீளம். 6.7 மீட்டர் வெளியே, 2.4 மீட்டர் மண்ணுக்குள். அதன் ஜோடி 55ஆம் கல் நீளம் போதாத கல். தலையைச் சமமாகக் கொண்டுவர அதை ஆழம் குறைவாக நட்டார்கள். அந்தக் குறையை ஈடுகட்ட அடியில் பாதம்போல ஒரு புடைப்பை விட்டார்கள். அது போதவில்லை. கல் விழுந்து இரண்டாக உடைந்து கிடக்கிறது, மேற்கல்லும் கூடவே இறங்கிவிட்டது. 56உம் சாய்ந்துபோய், 1901இல் கௌலண்ட் என்பவர் நிமிர்த்திக் காங்கிரீட் போட்டார். 1797 ஜனவரி 3 அன்று இன்னொரு முக்கல் முழுதாகச் சாய்ந்தது, அது உறைபனி இளகிய சமயம். 1900ஆம் ஆண்டின் கடைசி நாளில் 22ஆம் கல் மேற்கல்லோடு விழுந்தது. சுண்ணப்பாறை நீர் குடித்து, உறைந்து, இளகினால் குழியின் பிடி தளர்ந்துவிடும்.

அதனால் நான் சொல்வது: தலையில் மூட்டுக்கு இவ்வளவு பாடுபட்டு, காலில் அரை ஆழத்தில் நட்ட ஆள் தச்சராகத்தான் இருக்கணும்.

கருங்கல்ஜல்லி:

காலைப் பற்றிச் சொன்னது கொஞ்சம் அநியாயம். 55க்கு வேறு வழியில்லை, அவ்வளவு பெரிய கல் இரண்டாவது கிடைக்கவில்லை. மற்ற குழிகளை ஒழுங்காகவே தோண்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் சரிவு, எதிர்ப்பக்கம் செங்குத்துச் சுவர். சுவரை ஒட்டி மரக்கட்டைகள் நிறுத்தியிருக்கிறார்கள், கல்லின் அடி இறங்கும்போது சுண்ணச் சுவரைப் பெயர்க்காமல் வழுக்கி இறங்குவதற்கு. நிமிர்ந்தபின் சுற்றிலும் உடைகல்லும் பழைய சுத்திக்கல்லும் போட்டு இடித்து இறுக்கியிருக்கிறார்கள்.

குமிழ் எடுத்த கதைக்கு வருவோம். சார்சன் என்பது மணல் துகளைச் சிலிக்காவே பிணைத்த கல். 58ஆம் கல்லிலிருந்து எடுத்த துண்டைச் சோதித்தபோது 99 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா. கிரானைட்டைவிட முரடு. செம்பு உளி மழுங்கிப்போகும், தீக்கல் முனை நொறுங்கும். வெட்ட முடியாது, இடித்துப் பொடியாக்கத்தான் முடியும். அதற்கு உருண்டையான சுத்திக்கற்கள், கையடக்கத்திலிருந்து இரண்டு கையாலும் தூக்க வேண்டியவை வரை, குழிகளிலேயே கிடைத்திருக்கின்றன. பெரியது முதலில், மேடு பள்ளத்தை உடைக்க. அது ஓடை ஓடையாகத் தடம் விடும். அப்புறம் சின்னது, அந்த ஓடைகளுக்கு நடுவே நிற்கும் வரப்புகளைத் தட்ட. 2012இல் லேசர் வைத்து அளந்தபோது இந்தத் தடங்கள் கல்லுக்குக் கல் வேறுபடுவது தெளிவாகத் தெரிந்தது. உள்முகத்தை நன்றாக மெருகேற்றிவிட்டு வெளிமுகத்தை அரைகுறையாக விட்ட கற்களும் உண்டு.

குமிழின் கொடுமை என்னவென்றால், குமிழைச் செய்ய முடியாது, மற்றதையெல்லாம் எடுத்தால்தான் குமிழ் நிற்கும். தூணின் தலை 2.1க்கு 1.1 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், குமிழ் வெறும் 10 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.23 கன மீட்டர் கல்லைப் பொடியாக்கணும், அரை டன்னுக்கு மேல், ஒரு தூணுக்கு. வெளிவட்டத் தூணில் இரண்டு மேற்கற்கள் வந்து சேர்வதால் தலைக்கு இரண்டு குமிழ். உள்ளே இருக்கும் முக்கல் தூணுக்கு ஒன்று போதும். ஒரு தப்பு அடி விழுந்து குமிழ் தெறித்தால் ஒட்டவைக்க வழி கிடையாது. முழுத் தலையையும் இன்னொரு 10 சென்டிமீட்டர் இறக்கணும், அப்புறம் தூண் குட்டையாகிவிடும், குழியின் ஆழத்தை மாற்றணும். அதனால் குமிழை ஒட்டிய கடைசி விரற்கடையைச் சின்னக் கல்லால், மேலிருந்து கீழாக மட்டும் இடித்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். பக்கவாட்டில் அடித்தால் வேரோடு பெயரும்.

குழி அதைவிடச் சுலபம். கல் தரையில் கவிழ்ந்து கிடக்கும், நடுவில் இடித்து, மணலும் தண்ணீரும் போட்டு உருண்டைக் கல்லால் சுழற்றித் தேய்த்தால் கிண்ணம்போல இறங்கும். குழியைக் குமிழைவிட விசாலமாக விட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

இத்தனை இடிபாட்டையும் வட்டத்துக்குள் செய்யவில்லை. வடக்கே அகழிக்கு வெளியே சார்சன் சில்லுகள் அடர்ந்து கிடந்த இடத்தைத் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள், பட்டறை அங்கேதான்.

தச்சரா கல்வேலைக்காரரா என்றால், மூட்டு தச்சருடையது, கை கல்லுக்குப் பழகிய கை. மர ஆளாக மட்டும் இருந்தால் முதல் குமிழிலேயே ஓடியிருப்பார்.

உளிச்சத்தம்:

அருமை. மரப் பஞ்சத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தச்சரும் கல்வேலைக்காரரும் கூட்டு ஒப்பந்தம் என்று திருத்தி எழுதிக்கொள்ளலாம்.

இன்னும் இரண்டு சந்தேகம். 6.4 டன்னைக் குமிழ்மேல் குழி உட்காருகிற மாதிரி ஏற்றியது எப்படி? வட்டத்தில் கடைசி மேற்கல்லை எப்படி நுழைத்தார்கள்? நாக்கும் காடியும் இரண்டு முனையிலும் இருந்தால் பக்கவாட்டில் செருக முடியாதே.

நெம்புகோல்:

ஏற்றுவதற்கு இரண்டு வழி பேசுவார்கள். மண்மேடு ஒன்று, மரக்கட்டை அடுக்கு ஒன்று. 30 கல்லுக்கும் மண்மேடு போட்டு எடுத்திருந்தால் தரையில் எங்காவது தடயம் இருக்கணும், இல்லை. கட்டை அடுக்குதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. 1990களில் ஒரு தொலைக்காட்சிக் குழு முழு அளவு மாதிரியை வைத்துப் பார்த்தபோது மேற்கல்லை மரச் சரிவில் இழுத்து ஏற்றினார்கள், அதுவும் நடக்கும் என்று தெரிந்தது. அதில் 40 டன் கல்லைக் கொழுப்புத் தடவிய மரத் தண்டவாளத்தில் சுமார் 130 பேர் இழுத்தார்கள். ஆளுக்கு 300 கிலோ கணக்கு. 2016இல் லண்டனில் மாணவர்கள் 1 டன் கல்லைச் சறுக்கு வண்டியில் 10 பேராக இழுத்தார்கள். ஆளுக்கு 100 கிலோதான், ஆனால் மெதுவான நடை வேகத்தில். 25 டன் தூணுக்கு 80 பேரா 250 பேரா என்பது பாதையிலும் கொழுப்பிலும்தான் இருக்கிறது. கிளப்பும்போது மட்டும் எப்போதும் கூடுதல் பலம் வேண்டும், பின்னாலிருந்து நெம்பிக் கொடுக்கணும்.

கட்டை அடுக்கு இப்படி. மேற்கல்லைத் தூண்கள் பக்கத்தில், அவற்றுக்கு இணையாகக் கிடத்து. ஒரு முனையை நெம்பு. முனைக்கு விழும் எடை 3.2 டன். 5 மீட்டர் தடியில் 50 சென்டிமீட்டரில் தாங்குகல் வைத்தால் 9 மடங்கு பலம், ஆக சுமார் 360 கிலோ. மூன்று தடி போட்டால் தடிக்கு 120 கிலோ, இரண்டு ஆள் தொங்கினால் போதும். ஒரு அழுத்தத்தில் 10 சென்டிமீட்டர் எழும். உடனே ஆப்பு, இன்னொரு அழுத்தம், 20 சென்டிமீட்டர் கட்டையைச் செருகு. மறுமுனைக்குப் போ. 4.1 மீட்டர் உயரத்துக்கு 21 அடுக்கு, அதற்கு மேல் குமிழ் உயரத்தைத் தாண்ட இன்னொன்று.

கெட்டுப்போகும் இடங்கள்: ஒரு முனையை இரண்டு அடுக்கு தூக்கிவிட்டு மறுமுனையை மறப்பது, கல் சறுக்கிவிடும். கட்டைகளை ஒரே திசையில் அடுக்குவது, அடுக்கே உருளும், ஒன்றுவிட்டு ஒன்று குறுக்காகப் போடணும். தாங்குகல்லை ஓரத்துக்குக் கொண்டுபோவது, கீழ்க்கட்டை பிதுங்கும். எல்லாவற்றையும்விட மோசம் கடைசி 10 சென்டிமீட்டர் இறக்கம். பக்கவாட்டில் நகர்த்திக் குமிழுக்கு நேரே கொண்டுவந்து கட்டைகளை உருவும்போது குழி ஒத்துவரவில்லை என்றால் திரும்ப ஏற்றி, கவிழ்த்து, தேய்த்து, மறுபடி இறக்கணும். அதனால் தூண் நின்றபின்தான் குமிழ்களின் தூரத்தைக் கயிறோ குச்சியோ வைத்து எடுத்து மேற்கல்லில் குழி குறித்திருப்பார்கள்.

ஒரு சுவாரசியம்: இவ்வளவு பெரிய கல்லைத் தனியாளாக நெம்பி, ஆப்பு வைத்து, சுழற்றி நிமிர்த்தலாம் என்று அமெரிக்காவின் மிச்சிகனில் செய்து காட்டினவர் ஓய்வுபெற்ற தச்சர். உளிச்சத்தம் ஐயா சந்தோஷப்படலாம்.

கருங்கல்ஜல்லி:

கடைசிக் கல் கேள்விக்கு: நாக்கும் காடியும் செங்குத்தாக ஓடுகின்றன. பக்கவாட்டில் செருக வேண்டாம், மேலிருந்து இறக்கினால் போதும், குமிழும் அதே திசையில்தான். இடைவெளியை அளந்துவிட்டுக் கடைசிக் கல்லை அதற்கேற்ப வெட்டணும், அவ்வளவுதான் வித்தியாசம். முந்தைய 29 கல்லிலும் சேர்ந்த பிசகெல்லாம் அங்கே வந்து நிற்கும்.

அதைவிடப் பெரிய வேலை வளைவு. மேற்கற்கள் நேர்க்கட்டை இல்லை. 3.2 மீட்டர் நீளக் கல் 30 மீட்டர் விட்ட வட்டத்தில் உட்காரணும் என்றால் நடுவில் சுமார் 8 சென்டிமீட்டர் வளையணும். உள்முகத்திலும் வெளிமுகத்திலும் அதை இடித்தே கொண்டுவந்திருக்கிறார்கள். தரை சரிவாக இருந்தும் வளையத்தின் மேல்தளம் சமமாக இருக்கிறது. அது தூணின் நீளத்தையும் குழியின் ஆழத்தையும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுத்துச் சரிபார்த்த வேலை.

வரிசையும் முக்கியம். நடுவில் உள்ள ஐந்து முக்கல்லையும் முதலில் நிறுத்தணும். வட்டத்தை மூடிவிட்டால் 1.1 மீட்டர் சந்தில் அந்தக் கற்களைக் கொண்டுபோக முடியாது.

வெட்டிஆபீசர்:

அப்போ 11ஆம் நம்பர் கல் மட்டும் ஏன் பாதி அகலத்துல குட்டையா நிக்குது? அதுமேல எந்த மேற்கல்லும் உட்காராதே. ஒப்பந்தக்காரர் கை வெச்சுட்டாரா?

சுண்ணாம்புமேடு:

நல்ல கேள்வி, ஆய்வாளர்களும் இதைத்தான் பிடித்துக்கொண்டு வட்டம் முழுமையாகக் கட்டப்படவே இல்லை என்று வாதிட்டார்கள். 2013 கோடையில் புல்வெளிக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாய் நீளம் போதாமல் ஒரு பகுதி காய்ந்துபோனது. காய்ந்த புல்லில், கல் இல்லாத இடங்களில் குழி இருந்த தடங்கள் தெரிந்தன. வட்டம் முழுமையாக இருந்திருக்கலாம் என்ற கட்சிக்கு அது வலு. ஆனால் 11ஆம் கல் அப்படியேதான் நிற்கிறது. தெற்கு நோக்கி ஒரு வாசல் விட்டார்கள் என்பவர்களும் உண்டு, கல் கிடைக்காமல் இருந்ததை வைத்து ஒப்பேற்றினார்கள் என்பவர்களும் உண்டு.

கல் தட்டுப்பாடு என்பது நம்பும்படியாகத்தான் இருக்கிறது. மிச்சமுள்ள 52 சார்சன்களில் 50 ஒரே இடத்து ரசாயனம் காட்டுகின்றன. 25 கிலோமீட்டர் வடக்கே உள்ள வெஸ்ட் வுட்ஸ் என்று 2020இல் அடையாளம் கண்டார்கள். அதற்கு உதவியது 1958இல் 58ஆம் கல்லின் விரிசலுக்குக் கம்பி செருகத் துளைத்தபோது எடுத்த உருளைத் துண்டு. இன்னொரு பக்கம், பலிபீடக் கல் என்று அழைக்கப்படும் 6 டன் மணற்கல் வடகிழக்கு ஸ்காட்லாந்திலிருந்து வந்தது என்று 2024இல் தெரிந்தது, குறைந்தது 700 கிலோமீட்டர். கல்லுக்கு அலைந்திருக்கிறார்கள்.

நேரில் போய்ப் பார்க்கிறவர்களுக்கு: 56ஆம் கல்லின் தலைக்குமிழ் வெற்று வானத்தில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும், கயிறு கட்டிய பாதையிலிருந்தே தெரியும். விழுந்து கிடக்கும் மேற்கல்லின் குழிகளைக் கிட்டப் போய்ப் பார்க்க, பொதுநேரத்துக்கு முன்போ பின்போ வட்டத்துக்குள் விடும் தனி அனுமதிச் சீட்டு எடுக்கணும். முன்கூட்டியே பதிந்தாகணும், உள்ளே போனாலும் கல்லைத் தொட அனுமதி இல்லை. காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் கருங்கல்ஜல்லி சொன்ன இடித்தடங்கள் கண்ணுக்குத் துலங்கும்.